சோலார் ஹீட்டரை மாட்டினால் மட்டும் போதுமா?

கார்த்திகை பிறந்துவிட்டால் தருமபுரிப் பக்கம் விடியற்காலையில் தொட்டித் தண்ணீரில் கை வைக்க முடியாது. மேட்டு நிலம் என்பதால் மார்கழி, தை மாதங்களில் குளிர் எலும்பு வரை போகும். பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளைக்கும் மூட்டுவலிக்காரர்களுக்கும் வெந்நீர் இல்லாமல் ஆகாது. அதை நம்பித்தான் கடன் வாங்கியாவது மாடியில் சோலார் ஹீட்டர் ஏற்றினோம். இன்று எங்கள் தெருவில் மேலே பார்த்தால் கண்ணாடி டியூப்கள் வெயிலில் மின்னுகின்றன. கீழே குளியலறையில் பக்கெட்டுக்குள் கரண்ட் ராடு தொங்குகிறது. இதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

வெந்நீர்க் குழாயைத் திறந்தால் உஸ்ஸென்று காற்று வருகிறது, இரண்டு சொட்டு விழுகிறது, அதோடு சரி. மெக்கானிக்கைக் கூப்பிட்டால் நாலு நாள் கழித்து வருகிறார். "ஏர் பிடிச்சிருக்குங்க" என்று சொல்லி, ஐந்து நிமிடத்தில் சரிசெய்து, பணத்தை வாங்கிக்கொண்டு போகிறார். ஏன் பிடித்தது, மறுபடி பிடிக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை.

காரணம் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. சோலாரில் இருந்து வெந்நீர் தன் எடையால்தான் கீழே இறங்குகிறது. ஒரு மீட்டர் உயரத்துக்குச் சுமார் 0.1 கிலோ அழுத்தம்தான் கிடைக்கும். மாடிக் கைப்பிடிச் சுவரைத் தாண்டுவதற்காகப் பைப்பை மேலே ஏற்றி மறுபடி கீழே இறக்கினால், அந்த மேட்டில் காற்று உட்கார்ந்துகொள்ளும். போர் மோட்டார் ஓடாமல் மேல்தொட்டி ஒருமுறை காலியானால் போதும், பைப் முழுக்கக் காற்று. மிக்ஸர் குழாய் இருக்கும் வீட்டில் அதன் வாயை உள்ளங்கையால் இறுக்கி அடைத்து, இரண்டு பக்கமும் திறந்துவிட்டால், பச்சைத்தண்ணீர் வெந்நீர்ப் பைப்புக்குள் பின்னோக்கி ஏறிக் காற்றை மேலே தள்ளிவிடும். பொருத்தும் அன்றைக்கே பைப்பை ஏற்ற இறக்கமில்லாமல் சரிவாக விட்டிருந்தால் இந்தப் பாடே இல்லை. ஒரு முழம் பைப்பும் அரை மணி நேர வேலையும் மிச்சம் பிடிப்பதற்காக, இருபது வருஷம் உழைக்க வேண்டிய சாமானைப் பாழாக்குகிறார்கள்.

அதைவிடக் கொடுமை, டேங்க் மேல் நிற்கும் ஏர் வென்ட் பைப்பை மூடி போட்டு அடைப்பது. சூடேறும்போது அதன் வழியாகத் தண்ணீர் தெறிக்கிறதாம், அதனால் அடைத்துவிடுகிறார்கள். டேங்க் மூச்சுவிடுவதே அந்த வழியாகத்தான். அது அடைபட்டு, உள்ளே தண்ணீர் இறங்கினால் வெற்றிடம் உண்டாகி, உள் டேங்க் நசுங்கிப்போகும். மேல்தொட்டியின் தண்ணீர் மட்டத்தைவிட உயரமாக வென்ட் பைப் இருக்க வேண்டும், வாய் திறந்தே இருக்க வேண்டும். இந்த ஒரு வரியைக்கூட யாரும் சொல்லித் தருவதில்லை.

காற்றையாவது தள்ளிவிடலாம். உப்பை என்ன செய்வது? எங்கள் போர் தண்ணீரைப் பற்றி நாடே அறியும். ஃபுளூரைடு பாதிப்புக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை ஜப்பான் கடனுதவியோடு கட்டி, 2013-இல் தொடங்கினார்கள். குடிக்கக் காவிரி வந்தது, ஆனால் குளிக்கப் பல வீடுகளில் இன்னும் போர் தண்ணீர்தான். இந்தத் தண்ணீரைச் சூடாக்கினால் அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு பிரிந்து படியும். எங்கள் வீட்டு டியூப் ஒன்றைக் கழற்றிக் கவிழ்த்தபோது, அடியில் ஒரு சாணுக்குப் பழுப்பு வெள்ளையாகக் கூழ் மாதிரி இறங்கியது. டியூப்பின் சுவரில் ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டினால் கொஞ்சமும் அசையவில்லை. உள்ளே இப்படி இருந்தால் எந்த வெயிலில் தண்ணீர் சூடாகும்? கரண்ட் கீசரிலும் இதே கதைதான். காயில் மேல் உப்பு ஏறி, கரண்ட் பில் ஏறி, கடைசியில் காயிலே வெடிக்கிறது.

இதற்கு நம் ஆட்கள் செய்யும் வைத்தியம் பாத்ரூம் ஆசிட். அது உப்பைக் கரைக்கும், கூடவே ஸ்டீல் டேங்கையும் அரித்து ஓட்டை போடும். சிட்ரிக் ஆசிட் போதும் என்று தெரிந்தும் ஏன் இதை ஊற்றுகிறார்கள்? டேங்குக்குள் மெக்னீசியம் கம்பி ஒன்று உண்டு. தான் கரைந்து டேங்கை அரிப்பிலிருந்து காப்பதுதான் அதன் வேலை. வருஷத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்த்து, தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். அப்படி ஒன்று இருப்பதே வாங்கியவர்களில் பலருக்குத் தெரியாது.

இங்கிலாந்து மாதிரிக் குளிர் நாடுகளில் சுவரோரம் ரேடியேட்டர் வைத்து வீட்டையே சூடாக்குகிறார்கள். அதிலும் காற்று அடைக்கும். மேல்பாதி சில்லென்று இருந்தால், வீட்டுக்காரரே சின்னச் சாவியைப் போட்டு அரைத் திருகு திருகுவார், காற்று போய்த் தண்ணீர் எட்டிப்பார்த்ததும் மூடிவிடுவார். லண்டன் தண்ணீரும் சுண்ணாம்புத் தண்ணீர்தான். ஆனால் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமைத் தாண்டினால் வெந்நீர் அமைப்புக்குள் போகும் தண்ணீரைப் பக்குவப்படுத்த வேண்டும் என்று அங்கே கட்டட வழிகாட்டு நெறிகளே சொல்கின்றன. நம் குடிநீர்த் தரநிர்ணயத்திலும் அதே 200 என்ற எண் இருக்கிறது. காகிதத்தில்தான் இருக்கிறது.

இங்கே விற்கும்போது தண்ணீரைச் சோதித்தீர்களா என்று எங்களை யாரும் கேட்கவில்லை. பழுதானபோது மட்டும் வாரண்டி அட்டையைப் புரட்டி, "உப்புத் தண்ணிக்கு வாரண்டி கிடையாதுங்களே" என்றார்கள். தருமபுரியில் கடை வைத்திருப்பவருக்குத் தருமபுரித் தண்ணீர் தெரியாதா? இது நியாயமே இல்லை.

புதிதாக வாங்கப் போகிறவர்களே, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் முதலில் தண்ணீரைச் சோதித்துக்கொள்ளுங்கள். அந்தச் சீட்டைக் காட்டி, வாரண்டியைக் கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். வருஷம் இருமுறை டேங்கைத் திறந்து அடிக்கசடை வெளியேற்றுங்கள். தொட்டி காலியாகிப் போயிருந்தால், உச்சி வெயிலில் மட்டும் தண்ணீர் ஏற்றாதீர்கள். காய்ந்த டியூப் 200 டிகிரிக்கு மேல் கொதித்துக்கொண்டிருக்கும், பச்சைத்தண்ணீர் பட்டதும் வெடித்துவிடும். பொழுது சாய்ந்து டியூப் ஆறிய பிறகு ஏற்றுங்கள்.