எழுதினால் மனம் தெளியும்

பிழைப்புக்காக மும்பை வந்த நம்மவர்களுக்குக் கவலைகள் ஏராளம். ஊரில் அண்ணனோடு நிலத்தகராறு, இங்கே வாடகை உயர்வு, பிள்ளையின் படிப்பு. மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டே எல்லாவற்றையும் மனதுக்குள் போட்டு உருட்டுகிறோம், வழிதான் பிறப்பதில்லை. எழுதிப் பார்த்தால், பத்துக் கவலை என்று நினைத்தது இரண்டோ மூன்றோதான் என்று தெரியும்.

1909-ல் லண்டனிலிருந்து தென் ஆப்பிரிக்காவுக்குக் கப்பலில் திரும்பிய காந்தியடிகள், பத்தே நாளில் 'இந்திய சுயராஜ்யம்' நூலை எழுதி முடித்தார். வலக்கை ஓய்ந்தபோது இடக்கையால் எழுதினாராம்! நாம் கவனிக்க வேண்டியது வேறு. தம்மை மறுத்துக் கேள்வி கேட்கும் வாசகர் ஒருவரையும் அந்நூலில் அவரே பேசவைத்தார். மனதுக்குள் வாதாடும் நாமோ எதிர்த்தரப்பைப் பேசவே விடுவதில்லை. நிலத்தகராறில் அண்ணன் பக்கத்து நியாயத்தையும் நான்கு வரி எழுதிப் பாருங்கள். பழைய கணக்கு நோட்டின் பின்பக்கம் போதும். யாருக்கும் காட்ட வேண்டியதில்லை.