வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது, பிள்ளை படித்துக்கொண்டிருக்கிறான்

"படிக்கிற பிள்ளைக்குக் காசு பணப் பேச்சு எதுக்கு? நாலு காசு சம்பாதிக்க ஆரம்பிச்சா தானா தெரிஞ்சுக்குவான்." இதைச் சொல்லாத அப்பா அம்மாவை நான் பார்த்ததில்லை. கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்த காலத்தில், பாடத்திட்டக் கூட்டங்களிலும் இதே பேச்சைத்தான், கொஞ்சம் விறைப்பான தமிழில், கேட்டேன். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் அந்தப் பாசத்துக்கும் சேர்த்து வங்கி வட்டி போடுகிறது.

மூன்றாம் ஆண்டு பொறியியல் மாணவன் ஒருவனிடம் கல்விக் கடனைப் பற்றிக் கேட்டேன். "அப்பாதான் சார் பாத்துக்கிறாரு." வட்டி? "அது வேலை கிடைச்சப்புறம்தான் சார்." கடன் பத்திரத்தில் கடன்தாரர் அவன், அப்பா கூட்டுக் கடன்தாரர். கையெழுத்துப் போட்டிருக்கிறான், எதற்கு என்றுதான் தெரியாது. படிப்பு முடிந்து ஓராண்டுக்குப் பிறகு தொடங்குவது தவணை. வட்டியோ, பணம் கல்லூரிக்குப் போன நாளிலேயே ஓட ஆரம்பித்துவிடுகிறது.

ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு லட்சம், 10 சதவீதத் தனிவட்டி என்று வையுங்கள். முதல் லட்சத்துக்கு ஐந்தாண்டு வட்டி, இரண்டாவதற்கு நான்கு, பிறகு மூன்று, இரண்டு. தவணை தொடங்கும் நாளில் வட்டி மட்டும் 1,40,000. நான்கு லட்சம் வாங்கியவன் 5,40,000-க்குத் தவணை கட்ட உட்காருகிறான். பத்தாண்டுக்கு மாதம் 7,100 ரூபாய்க்கு மேல். குடும்ப வருமானம் ஆண்டுக்கு நாலரை லட்சத்துக்குள் இருந்து, படிப்பும் தொழிற்படிப்பாக இருந்தால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, தவணை தொடங்கும்வரை ஓடும் வட்டியை ஏற்றுக்கொள்ளும் மத்திய அரசின் மானியத் திட்டம் ஒன்று உண்டு. அதைக் கேட்டு வாங்கவும் அப்படி ஒன்று இருப்பது தெரிந்திருக்க வேண்டுமே!

மானியம் கிடைக்காதவர்களுக்கும் வழி இருக்கிறது. முதலாண்டில் அந்த ஒரு லட்சத்துக்கு வட்டி மாதம் 833 ரூபாய்தான். அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவிக்கு 2022 முதல் புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவனுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் ஆயிரம் ரூபாய் நேராக அவரவர் கணக்கில் விழுகிறது. கடனும் இருந்து இந்த ஆயிரமும் வருகிற பிள்ளை, முதலாண்டு வட்டியை அவ்வப்போதே அடைத்துவிடலாம். படிக்கும்போதே வட்டி கட்டுகிறவர்களுக்கு விகிதத்தைச் சற்றுக் குறைக்கிற வங்கிகளும் உண்டு. அரசாங்கம் பிள்ளையின் கையில் பணத்தைக் கொடுத்துவிட்டது. நாம் இன்னும் "உனக்கு எதுக்கு அதெல்லாம்" என்கிறோம்.

சம்பாதித்தால் தெரிந்துகொள்வான் என்கிறார்களே, எப்படித் தெரிந்துகொள்வான்? அடிபட்டுத்தான். "வெறும் 12 பர்சன்ட்தான் சார்" என்று ஒரு லட்சம் கடன் கொடுப்பார்கள். ஓராண்டு, மாதம் 9,333. மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வரும், வட்டி மட்டும் முழு லட்சத்துக்கே போடப்பட்டிருக்கும். குறையும் அசலுக்குக் கணக்குப் பார்த்தால் அது ஏறத்தாழ 21.5 சதவீதம். கிரெடிட் கார்டில் ஐம்பதாயிரம் பாக்கி வைத்துவிட்டு, குறைந்தபட்சத் தொகை என்று 2,500 கட்டினால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பான். மாதம் 3.5 சதவீத வட்டி என்றால், கட்டியதில் 1,600-க்கு மேல் ஒரே மாதத்தில் வட்டியாகத் திரும்ப வந்து உட்காரும். அனுபவம் நல்ல வாத்தியார்தான். அவர் கேட்கும் ஃபீஸ்தான் கட்டுப்படியாகாது.

இதில் எனக்கு வெட்கமான விஷயம் ஒன்று. மாதத் தவணைச் சூத்திரம் பெருக்குத் தொடரின் கூட்டுத்தொகையிலிருந்து வருவது. அந்தத் தொடரை நம் பிள்ளைகள் பத்தாம் வகுப்பிலேயே படித்துவிடுகிறார்கள். கல்லூரியில் மும்முறைத் தொகையீடு வரை நான் நடத்தியிருக்கிறேன். அந்தத் தொடரை ஒரு கடன் பத்திரத்தின் மேல் வைத்துக் காட்ட எனக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கப்படவில்லை, நானும் கேட்கவில்லை.

"வீட்டில் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டுமே" என்பார்கள். பாதி நியாயம். மொய் நோட்டு வைத்திருக்கும் அப்பாவும், மகளிர் குழுக் கணக்கு எழுதும் அம்மாவும் சாமானியக் கணக்கர்கள் அல்லர். யாருக்கு எவ்வளவு, எந்த ஆண்டு, எந்த விசேஷம் என்று முப்பது ஆண்டுக் கடமையை நோட்டில் பிடித்து வைத்தவர்கள். ஆனால் பிள்ளையைக் கண்டதும் நோட்டை மூடிவிடுகிறார்கள். கண்ணில் படாததை எப்படிப் பார்த்துக் கற்பது?

இந்தக் கணக்கைக் கல்லூரியில் பாடமாக வைத்தால் யார் நடத்துவது என்பது மட்டும் நியாயமான கேள்வி. இப்போது நடப்பது எனக்குத் தெரியும்: யாரோ ஒரு காப்பீட்டு முகவரைக் கருத்தரங்க அறைக்குக் கூட்டிவந்து, டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, கடைசியில் ஒரு விண்ணப்பத்தை நீட்டச் சொல்வது. அதற்கு ஒன்றுமே நடத்தாமல் இருக்கலாம். விற்க வந்தவன் வாத்தியார் ஆகக் கூடாது. கணக்கு வாத்தியாரோ வணிகவியல் வாத்தியாரோ போதும்.

பாடநூலும் வேண்டாம். வீட்டிலிருந்து மூன்று காகிதங்களின் நகல் வரட்டும்: கல்விக் கடன் ஒப்புதல் கடிதம், காப்பீட்டுப் பத்திரம், நகை அடகுச் சீட்டு. வீட்டு மானம் சந்திக்கு வந்துவிடும் என்று பயந்தால் பெயரையும் தொகையையும் கறுப்பு மையால் அடித்துவிட்டுக் கொண்டுவரட்டும். வட்டி விகிதமும் தேதியும் தெரிந்தால் போதும். அடகுச் சீட்டில் அந்தத் தேதியைத் தேடிக் கண்டுபிடித்த பையன், சாயங்காலம் வீட்டுக்குப் போய் அடுப்படியில் நிற்கும் அம்மாவிடம் கேட்பான்: "வளையலை எப்பம்மா திருப்பணும்?"