பந்திக்கு முந்தினால் சோறு வெந்துவிடுமா?

"சர்வர் மெதுவாகிவிட்டதா? டேட்டாபேஸின் நைஸ் மதிப்பை மைனஸ் 20 ஆக்கு!" லினக்ஸ் சர்வர்களைப் பராமரிப்பவர்கள் மத்தியில் உலவும் கைவைத்தியம் இது. கைவைத்தியத்துக்காவது பெரும்பாலும் பக்கவிளைவு இருக்காது... இதற்கு உண்டு.

முதலில் அந்தப் பெயர். "மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்து நல்ல பிள்ளையாக இரு" என்று ஒரு ப்ராசஸுக்குச் சொல்வதுதான் நைஸ். அதனால்தான் தன் ப்ராசஸின் எண்ணை 19 வரை ஏற்ற எந்த யூஸருக்கும் தடையில்லை. ஜீரோவுக்குக் கீழே இறக்கத்தான் ரூட் அதிகாரம் வேண்டும். விட்டுக்கொடுக்க யாரைக் கேட்க வேண்டும்? பிடுங்குவதற்குத்தானே அதிகாரம் தேவை!

இப்போது கணக்கு. லினக்ஸ் ஷெட்யூலரில் நைஸ் 0-க்கு எடை 1,024. நைஸ் 5-க்கு 335. மைனஸ் 20-க்கு 88,761. ஒரே கோரில் 0-வும் 5-ம் ஓயாமல் ஓடினால் நேரம் சுமார் 75-க்கு 25 எனப் பிரியும். 0-வும் மைனஸ் 20-ம் ஓடினால் 99-க்கு 1! அந்த ஒன்றில்தான் பேக்கப் ஓட வேண்டும், லாக் எழுத வேண்டும். ஏன், கோளாறைச் சரிசெய்ய எஸ்எஸ்ஹெச் வழியாக வருகிறவரும் அந்த ஒன்றில்தான் நுழைய வேண்டும்.

பட்ஜெட் தொகை அதேதான். ஒருவருக்கு வரவு என்றால் இன்னொருவருக்குச் செலவு. சிபியு சும்மா இருக்கும்போது எண்ணை மாற்றினாலோ, வரவும் இல்லை செலவும் இல்லை.

"லோடு 20-ஐத் தாண்டிவிட்டதே!" என்பார்கள். லினக்ஸின் லோடு ஆவரேஜில் டிஸ்க்குக்காகக் காத்துக்கிடக்கும் ப்ராசஸ்களும் சேர்த்தி. டிஸ்க்தான் திணறுகிறது என்றால் சிபியு வரிசையில் முன்னால் நிறுத்தி என்ன பயன்? சோறே வேகவில்லை, பந்திக்கு முந்தி என்ன ஆகப்போகிறது?

இதைவிடக் கூத்து, பழைய கட்டுரைகளிலிருந்து காப்பியடிக்கும் ஷெட்யூலர் லேட்டன்சி அளவுகள். அவை 2021-ல் வந்த 5.13 கெர்னலிலேயே சிஸ்கன்ட்ரோலை விட்டு வெளியேறிவிட்டன. 2023-ல் வந்த 6.6-ல் சிஎஃப்எஸ் முறையே போய் ஈஈவிடிஎஃப் வந்துவிட்டது. காலாவதியான மருந்துச்சீட்டை எந்தக் கடையில் நீட்டுவது?

"அப்படியானால் முன்னுரிமையே தேவையில்லையா?" தேவைதான். ஆனால் முதலில் விஎம்ஸ்டாட் ஓட்டிப் பாருங்கள். ஓடக் காத்திருக்கும் ப்ராசஸ்கள் கோர்களின் எண்ணிக்கையைத் தொடர்ந்து தாண்டினால் மட்டுமே இந்தப் பேச்சு. அப்போதும் டேட்டாபேஸைத் தூக்கிவிடாமல், அவசரமில்லாத பேக்கப்பை 19-க்கு அனுப்புங்கள். அதன் எடை வெறும் 15. டேட்டாபேஸுக்குத் தானாக வழி கிடைக்கும், வேறு யாரும் பட்டினி கிடக்க மாட்டார்கள்.

அளக்காமல் எண்ணை மாற்றுவதற்குப் பெயர் ட்யூனிங் இல்லை, குருட்டு லாட்டரி. பரிசு விழாவிட்டால் நஷ்டம் எண்ணை மாற்றியவருக்கு இல்லை... அந்த சர்வரை நம்பியிருக்கும் மற்றவர்களுக்கு!