காற்றடித்துக் கை ஓய்ந்தது, காட்டுப்பன்றி ஓயவில்லை!



போன போகத்தில் மக்காச்சோளம் பால் பிடிக்கிற சமயம். ராத்திரி எட்டு மணிக்கு மேலே களத்து மேட்டுப் பக்கம் 'புஸ்... புஸ்' என்று ஒரு சத்தம். யாரோ சைக்கிளுக்குக் காற்றடிக்கிறார்கள் என்று நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் ஏர்கன்! குழலுக்குக் கீழே சின்னதாக ஒரு சிலிண்டர். அதில் கைப்பம்பால் காற்றை அடைத்து வைத்தால், விசையைத் தட்டும்போது அந்தக் காற்று ஈயக்குண்டைத் தள்ளுகிறது. "சித்தப்பா, இனி பன்றி வரட்டும் பாத்துக்கலாம்" என்றான் பங்காளி மகன். பொண்டாட்டி கம்மலை அடகு வைத்து வாங்கியிருக்கிறான்.

நானும் அடித்துப் பார்த்தேன். பைக்கின் பின் டயருக்கு 30 பவுண்டு சுமார் காற்று. இந்தச் சிலிண்டருக்கு 200 பார், அதாவது 2,900 பவுண்டு. கிட்டத்தட்ட நூறு மடங்கு! பம்புக்குள் ஒன்றுக்குள் ஒன்றாகக் குழாய்கள். பெரிய குழாய் நெரித்த காற்றை அடுத்த சின்னது வாங்கி இன்னும் நெரிக்கும். முதல் இருபது அடி சுலபமாக இறங்கும். மீட்டர் முள் 150ஐத் தாண்டியதும் கை பலம் எடுபடாது. கையை நேராக நீட்டி, முழங்காலை மடக்கி, உடம்புப் பாரத்தையே கைப்பிடி மேல் போடணும். ஐம்பத்து நாலு வயசில் எனக்கு மூச்சு முட்டிப்போச்சு.

ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிற தம்பிகளுக்கு ஒரு எச்சரிக்கை. டீசல் இஞ்சினில் பிளக் கிடையாது. காற்றை நெரிக்கிற சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. பம்பிலும் அதே கதைதான். இறுக்கமாக இருக்கிறது என்று மண்ணெண்ணெயோ, இஞ்சின் ஆயிலோ, கிரீஸோ உள்ளே விட்டால் வெடிக்கும். ஐம்பது, அறுபது அடிக்கு ஒரு தடவை நிறுத்தி, பம்பை ஆறவிடணும். ஐப்பசி, கார்த்திகை ராத்திரிக் காற்றில் ஈரம் ஜாஸ்தி. நெரிக்கும்போது அந்த ஈரம் தண்ணீராகப் பிரிந்து சிலிண்டருக்குள் போய்த் துருவாகும். துரு அரித்த சிலிண்டரில் 2,900 பவுண்டு காற்றை அடைத்துக் கன்னத்துப் பக்கத்தில் வைக்கிறோம் என்பதை மறக்கக் கூடாது. அடித்து முடித்ததும் காற்றுத் திருகைத் திறந்து, ஓஸில் இருக்கிற காற்றை வெளியேற்றாமல் ஓஸைக் கழற்றாதீர்கள். லேத் பட்டறையில் கொடுத்து 'பவர் ஏத்துற' வேலை வேண்டவே வேண்டாம்.

சரி, இவ்வளவு பாடுபட்டு அடித்த காற்று பன்றியை என்ன செய்தது?

லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ளும் ஏர்கன்னின் சக்தி 20 ஜூலைத் தாண்டக் கூடாது என்பது 2016ஆம் வருஷ ஆயுத விதி. இரண்டு கிலோ தக்காளிக் கூடையைத் தரையிலிருந்து இடுப்பு உயரம் தூக்குகிற சக்திதான் அது. குண்டின் எடை அரை கிராம். வளர்ந்த ஆண் பன்றியோ நூறு கிலோ நிற்கும். தோள்பட்டைத் தோல் மாட்டுத்தோலை விடத் தடிப்பு. அன்றைக்கு என் கண் முன்னால் சுட்டான். ஒரு கத்து கத்திவிட்டு ஓடியது. மறுநாள் ராத்திரி கூட்டமாக வந்து முக்கால் ஏக்கரை உருட்டிவிட்டுப் போய்விட்டன. காயம்பட்ட பன்றி எந்தப் புதரில் கிடக்கிறதோ என்று புல்லறுக்கப் போகிற பெண்கள் பயந்ததுதான் மிச்சம்.

மூன்றாம் நாள் விசாரணைக்கு ஆள் வந்துவிட்டது. ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்பதால் பன்றியைச் சுடலாம் என்று அர்த்தமில்லை. 1972ஆம் வருஷ வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில், 2022 திருத்தத்துக்கு அப்புறம் காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணை. மயில் முதல் அட்டவணை. கை வைத்தால் மூன்று வருஷத்துக்குக் குறையாத சிறை, ஏழு வருஷம் வரைக்கும் போகலாம். இதைக் கடைக்காரன் சொல்ல மாட்டான். அவன் நோட்டீஸில் பன்றிப் படம் போட்டு விற்கிறான்.

2025 ஜனவரியில் தமிழக அரசு என்ன அறிவித்தது? காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடுவது. 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினரே சுடுவது. நம்ம ஊர் காட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டர். அளந்து பார்க்கச் சொல்லி நானே இரண்டு மனு கொடுத்தேன். இரண்டுக்கும் ரசீது இருக்கிறது, பதில் இல்லை. பன்றியைச் சுட வராத ஆள், பங்காளி மகனைத் தேடி மூன்றே நாளில் வந்தது எப்படி?

பக்கத்துக் கேரளாவில் 2022லேயே, பயிரை அழிக்கும் பன்றியை லைசென்ஸ் துப்பாக்கிக்காரர் மூலம் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கே கொடுத்துவிட்டார்கள். அங்கேயும் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மனு போய்ச் சேரும் இடம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. அதைத்தான் நாமும் கேட்கிறோம். கூடவே, சேதத்துக்கான இழப்பீடு அடுத்த விதைப்புக்கு முன்னால் கைக்கு வரணும் என்கிறோம். கந்து வட்டிக்கு விதை வாங்கி விதைத்த பிறகு வருகிற பணம் வட்டிக்கே போய்விடும்.

சேலை கட்டிப் பார்த்தோம், தகரம் தட்டிப் பார்த்தோம், பரணில் தூக்கம் கெட்டோம். கரண்ட் வேலி போட்டவர்கள் வீட்டில் மனுஷ உயிரே போனது. இப்போது கம்மலை அடகு வைத்துக் காற்றடிக்கிறோம். பயிரைக் காப்பாற்ற அரசாங்கம் செய்ய வேண்டிய வேலையை நம்ம நெஞ்சுக்கூடு எதற்குச் செய்யணும்?

ஆகவே தோழர்களே, இந்த மாத விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குச் சங்கம் மொத்தமாகப் போகிறது. கட்சி பேதம் வேண்டாம். பெண்கள் அவசியம் வரணும். ராத்திரிக் காவலில் பாதி அவர்கள் பார்த்ததுதான். அடங்கல் நகல், சேதமான பயிரின் போட்டோ, கொடுத்த மனுக்களின் ரசீது எல்லாம் கையில் இருக்கட்டும். அடங்கல் இல்லாதவர்கள் இரண்டு நாள் முன்னாலேயே என்னிடம் சொல்லுங்கள், கிராம நிர்வாக அலுவலரிடம் சேர்ந்தே போய் வாங்கலாம். கூட்டத்தன்று காலை எட்டு மணிக்கு நம்ம பஸ் ஸ்டாப்பில் கூடுவோம். ஏர்கன்னை மட்டும் யாரும் எடுத்துக்கொண்டு வர வேண்டாம்.

இப்படிக்கு,
சங்கச் செயலாளர்