காய்ச்சலோடு கொழுப்பை அளக்கலாமா?

இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டத்தில் இருமல் சத்தம் கூடிவிடுகிறது. தமிழனுக்குப் பனி என்றால் மார்கழி. மலையாளிக்குப் பனி என்றால் காய்ச்சல். இங்கே குடியிருக்கும் நமக்கு இரண்டும் பழகிப்போயிற்று.

காய்ச்சல் சற்றுத் தணிந்ததும் பலர் ரத்தப் பரிசோதனைக்குப் போகிறார்கள். போகிற போக்கில் கொழுப்பையும் பார்த்துவிடலாமே என்று சேர்த்துக் கொள்கிறார்கள். சலுகைக் கட்டணத்தில் எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்த்துத் தருவதாகப் பரிசோதனை நிலையங்களும் அழைக்கின்றன. இது வீண் செலவு மட்டுமல்ல, ஆபத்தும்கூட என்பது நமது கருத்து.

வைரஸ் கிருமி சுவாசக் குழாயில் புகுந்ததும் உடல் தற்காப்பில் இறங்குகிறது. அப்போது கல்லீரலின் வேலைமுறையே மாறிவிடுகிறது. ரத்தத்தில் மொத்தக் கொலஸ்ட்ரால் குறையும். கெட்டது எனப்படும் எல்.டி.எல். குறையும், நல்லது எனப்படும் எச்.டி.எல்.லும் குறையும். டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு மட்டும் பெரும்பாலும் ஏறும். கல்லீரல் அதை அதிகமாக வெளியே அனுப்புகிறது. ரத்தத்திலிருந்து அதை அகற்றும் வேலையோ மந்தமாகிவிடுகிறது. 2020இல் வூஹானில் கோவிட் நோயாளிகளைக் கவனித்த டாக்டர்கள், நோய் கடுமையாக இருந்தவர்களிடம் எல்.டி.எல். கூடுதலாக இறங்கியிருப்பதைக் கண்டார்கள்.

காய்ச்சலில் சர்க்கரை ஏறும் என்பது சாலைக் கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் தெரியும். கொலஸ்ட்ரால் இறங்கும் என்பது படித்தவர்களுக்கே தெரிவதில்லை. விளைவு என்ன? டிரைகிளிசரைடைக் கண்டு மிரண்டு தேங்காய் எண்ணெயின் மேல் பழி போடுகிறவர் ஒருபுறம். அவரால் பெரிய கெடுதல் இல்லை. சில நாள் அவியல் ருசிக்காது, அவ்வளவுதான். '200க்குக் கீழே வந்துவிட்டது' என்று மகிழ்ந்து, டாக்டரைக் கேட்காமலே மாத்திரையை நிறுத்துகிறவர் மறுபுறம். இவர் விஷயம்தான் கவலைக்குரியது. கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தில் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இன்ஃப்ளூயன்சா உறுதியான முதல் 7 நாட்களில் மாரடைப்பு அபாயம் ஏறத்தாழ 6 மடங்கு என்று தெரிந்தது. மாத்திரையை விடுவதற்கு அதைவிட மோசமான வாரம் கிடையாது. (வேறு மருந்தோடு ஒத்துக்கொள்ளாது என்று டாக்டரே சில நாள் நிறுத்தச் சொன்னால் அது வேறு.)

கேரளத்தில் இதை அலட்சியம் செய்ய முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், கொலஸ்ட்ரால் மிகுந்தோர் விகிதம் நாட்டிலேயே இங்குதான் அதிகம். பெரியவர்களில் சுமார் பாதிப் பேர்.

சாதாரண ஜலதோஷக் காய்ச்சல் என்றால் இரண்டு மூன்று வாரமாவது பொறுக்கலாம். ஆஸ்பத்திரியில் படுக்கும்படி ஆகியிருந்தால் சுமார் 3 மாதம் கழித்துப் பார்ப்பதே சரியான அளவைக் காட்டும். அதற்காகப் பார்க்காமலே இருந்துவிடவும் கூடாது. கோவிட் வந்து போனவர்களுக்குப் பின்னாளில் கொழுப்புக் கோளாறு கூடுதலாக வருவதாக அமெரிக்க ஆய்வு ஒன்று 2023இல் கூறியது. நெஞ்சுவலி என்று போனவருக்கு டாக்டர் உடனே எடுக்கச் சொன்னால் எடுக்கத்தான் வேண்டும்.

'கடைசியாகக் காய்ச்சல் வந்தது எப்போது?' என்று ஒரு வரியைப் பரிசோதனை நிலையங்கள் தங்கள் சீட்டில் அச்சிடலாம். சல்லிக் காசு செலவில்லாத காரியம். அதுவரை நாமே வாய்விட்டுச் சொல்லி எழுதச் செய்வோம்; டாக்டரிடம் போகும்போது சென்ற வருஷத்துச் சீட்டையும் கையோடு கொண்டுபோவோம்.