எரர் அழிந்தது, இன்ஜினும் போனது

கம்ப்யூட்டரில் எரர் மெசேஜ் வந்தால் நம்மில் பலர் என்ன செய்கிறோம்? படித்துக்கூடப் பார்க்காமல் ஓகே பட்டனை அழுத்திவிட்டு வேலையைத் தொடர்கிறோம். மிஞ்சிப் போனால் ஒரு ரீஸ்டார்ட். இதே பழக்கத்தைக் காரிலும் காட்டியதால் எனக்கு 42,000 ரூபாய் செலவானது.

எனக்குச் சொந்த ஊர் தருமபுரி மாவட்டம் தீர்த்தமலை. பெங்களூருவில் சாஃப்ட்வேர் வேலை. சென்ற ஏப்ரலில் ஊருக்கு வந்தபோது, அப்பாவைக் கண் டாக்டரிடம் காட்ட அரூருக்குக் காரில் அழைத்துப் போனேன். 16 கிலோமீட்டர்தான் இருக்கும். பாதி வழியில் வெப்பநிலை விளக்கு சிவப்பாக எரிந்தது. கூடவே செக் இன்ஜின் விளக்கும்.

உடனே வண்டியை ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்தினேன். அதுவரை சரிதான். அதன் பிறகு என் படிப்பு வேலையைக் காட்டியது. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் ஓபிடி சாக்கெட்டில் ஒரு புளூடூத் அடாப்டரை எப்போதும் செருகி வைத்திருப்பேன். செல்போன் ஆப் பி 0217 என்று காட்டியது. இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டது என்று பொருள். வெப்பநிலை 118 டிகிரி.

"ரெக்கவரி வண்டிக்குச் சொல்லிடலாமா?" என்றார் அப்பா.

"இருங்கப்பா, பார்த்துக்கலாம்."

கால் மணி நேரம் கழித்து எரரை அழித்துவிட்டு ஸ்டார்ட் செய்தேன். 118 இருந்த இடத்தில் 84. ஓட ஓட இன்னும் குறைந்தது. விளக்குகளும் அணைந்துவிட்டன. போனைக் காட்டி அப்பாவிடம் பெருமை வேறு! நான்கு கிலோமீட்டர் போவதற்குள் இன்ஜின் நின்றது. மறுபடி கிளம்பவில்லை.

அரூர் மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, தண்ணியே இல்லாம எந்தச் சூட்டை அளந்துச்சு உங்க போன்?"

ரேடியேட்டர் ஹோஸ் வெடித்துக் கூலன்ட் முழுவதும் ரோட்டிலேயே கொட்டியிருக்கிறது. வெப்பநிலை சென்சார் கூலன்டில் மூழ்கியிருக்கும் வரைதான் சரியாகச் சொல்லும். கூலன்ட் இல்லாவிட்டால், இன்ஜின் தகிக்கும்போதுகூட அது குறைந்த அளவைக் காட்டலாம். சிவப்பு விளக்கும் அந்த சென்சாரை நம்பியே எரிகிறது. இதற்குள் அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்து, கேஸ்கெட் போய்விட்டது. ரெக்கவரி வண்டிக்கு 2,500 ரூபாய். அதை மிச்சம் பிடிக்கத்தானே ஓட்டினேன்? கடைசியில் அதையும் தனியாகக் கொடுத்தேன்.

அடாப்டர் இருந்தால் மெக்கானிக்கே வேண்டாம் என்கிறார்கள் சில நண்பர்கள். நானும் அப்படிச் சொன்னவன்தான். ஆனால் ஓபிடி எதற்காக வந்தது தெரியுமா? புகையைக் கட்டுப்படுத்த. அமெரிக்காவில் ஓபிடி 2 முறை 1996 மாடல் கார்களிலிருந்து கட்டாயமானது. வண்டியை இதற்கு மேல் ஓட்டலாமா என்று சொல்வது அதன் வேலை அல்ல. ஆயில் பிரஷர் விளக்கு பல கார்களில் தனி சுவிட்சால் எரிவது. ஆயில் சுத்தமாக இல்லாதபோதும் ஆப்பில் எந்த எரரும் வராமல் போகலாம். இன்னொன்று, எரர் பதிவாகும்போது அந்த நேரத்து வேகம், வெப்பநிலை போன்றவற்றை ஈசியூ சேமித்து வைக்கும். எரரை அழித்தால் அதுவும் அழிந்துவிடும். லாக் ஃபைலை டெலீட் செய்துவிட்டு பக் தேடுகிற ஆளை எங்கள் ஆபீசில் என்ன சொல்வார்கள் என்பதை இங்கே எழுத முடியாது.

ஆகவே சிவப்பில் ஆயில் பிரஷர், வெப்பநிலை, ஹேண்ட் பிரேக்கை இறக்கிய பிறகும் அணையாத பிரேக் விளக்கு ஆகியவற்றில் எது எரிந்தாலும் இழுத்துத்தான் போக வேண்டும் என்பது என் கருத்து. நடுவில் அணைந்துவிட்டாலும்தான். மஞ்சள் செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்து, வண்டி வழக்கம்போல ஓடினால் மெதுவாக ஒர்க்‌ஷாப் போய்ச் சேரலாம். அது விட்டு விட்டு எரிந்தால் மிஸ்ஃபயர். எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைச் சுட்டுப் பொசுக்கிவிடும். அப்போதும் நிறுத்திவிடுங்கள்.

லாரியில் கயிறு கட்டி இழுக்கலாமே என்பீர்கள். இன்ஜின் ஓடாதபோது பிரேக் கல்லாக இறுகும், பவர் ஸ்டியரிங்கும் உதவாது. மலைப்பாதையில் இது ஆபத்து. ஆட்டோமேட்டிக், எலெக்ட்ரிக் கார்களின் சக்கரங்கள் தரையில் உருண்டாலே கியர்பாக்ஸோ மோட்டாரோ கெடலாம். அவற்றை பிளாட்பெட் வண்டியில் ஏற்றுவதே நல்லது.

உங்கள் கார் இன்ஷூரன்ஸ் பாலிசியில் ரோடுசைடு அசிஸ்டன்ஸ் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால் அந்த எண்ணைப் போனில் பதிந்து வையுங்கள். என் பாலிசியில் இருந்தது. பில் கட்டிவிட்டு வந்துதான் பார்த்தேன். அப்பா அன்று பஸ் ஏறிப் போய்க் கண்ணைக் காட்டிவிட்டு வந்திருந்தார்.