சாவியும் ஓர் உதிரிபாகம்தான்

ஒரகடம் பக்கத்துக் கார் தொழிற்சாலைகளில் முக்கியமான ஒரு போல்ட்டை இஷ்டத்துக்கு முடுக்கிவிட்டுப் போக முடியாது. எத்தனை நியூட்டன் மீட்டர் என்று கருவியே பதிவு செய்யும். குறைந்தால் லைன் நிற்கும். அதே வட்டாரத்தில் நான் சோதனைப் பிரிவில் இருந்த ஒரு நிறுவனத்தில், இணையத்தோடு பேசும் போர்டுகள் முதன்முதலாக உயிர்பெறும்போது தங்கள் ரகசியச் சாவியைத் தாங்களே உண்டாக்கிக்கொள்ளும். அந்தச் சில நொடிகளுக்குச் சோதனைத் தாளில் ஒரு கட்டம்கூடக் கிடையாது. ஏன் என்று கேட்டேன். "2048 பிட் சார். சூப்பர் கம்ப்யூட்டருக்கே கோடி வருஷம் ஆகும்."

இந்த நம்பிக்கையைத்தான் எதிர்க்கிறேன். எண் பெரிதானால் பூட்டு பலமாகிவிடும் என்று பொறியாளரும் மேலாளரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். பாதி உண்மை என்பதால்தான் அது இத்தனை நாள் நிலைத்திருக்கிறது. ஆர்எஸ்ஏ முறையில் இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி, விடையைப் பொதுச் சாவியாக ஊருக்கே காட்டலாம். விடையிலிருந்து அந்த இரண்டையும் பிரித்தெடுப்பதுதான் கடினம். 2020இல் 250 இலக்க எண் ஒன்றைப் பிரிக்க, ஒற்றைப் பிராசசர் கோர் சுமார் 2,700 ஆண்டுகள் ஓடுவதற்குச் சமமான உழைப்பு தேவைப்பட்டது. 2048 பிட் என்பதோ 617 இலக்கம். நேர்வழியில் போனால் முடியாதுதான்.

ஆனால் திருட வருகிறவன் நேர்வழியில் வருவதில்லை. 323, 391 என்ற இரண்டு எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். தனித்தனியாகக் காரணி தேட வேண்டாம். 391இல் 323 போனால் 68. 323ஐ 68ஆல் வகுத்தால் மீதி 51. 68இல் 51 போனால் 17. அந்த 17, 51ஐ மீதியின்றி வகுக்கிறது. ஆக, 17 இரண்டுக்கும் பொது. 19, 23 என்ற மற்ற காரணிகள் தாமாக வந்து விழுகின்றன. நம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் படிக்கும் யூக்ளிட் முறைதான் இது. 617 இலக்க எண்களுக்கும் இதே கணக்குதான். சாதாரண மடிக்கணினியில் கண் இமைக்கும் நேரம். இரண்டு சாவிகளில் ஒரு பகா எண் பொதுவாக அமைந்துவிட்டால் இரண்டும் தொலைந்தன.

அவ்வளவு பெரிய எண்கள் எப்படி ஒத்துப்போகும்? லைனில் நின்றவர்களுக்குப் புரியும். எல்லாப் போர்டிலும் ஒரே ஃபர்ம்வேர். கடிகாரத்துக்கு பேட்டரி இல்லாததால் எல்லாமே 1970 ஜனவரி 1 என்றே கண் விழிக்கின்றன. கணிக்க முடியாத ஓர் எண்ணை அவை எங்கிருந்து எடுக்கும்? முதல் பகா எண் இரண்டு போர்டிலும் ஒன்றாகவே பிறக்கிறது. இரண்டாவது பிறப்பதற்குள் கடிகாரம் சற்று முன்பின்னாக நகர, எண் மாறிவிடுகிறது. யூக்ளிட் முறைக்கு வேண்டியது சரியாக இதுதான்.

இது என் கற்பனைப் பயமல்ல. 2012இல் நாடியா ஹெனிங்கரும் சக ஆய்வாளர்கள் மூவரும் இணையத்தில் எவரும் பார்க்கக்கூடிய பொதுச் சாவிகளைத் திரட்டி இந்தக் கணக்கைப் போட்டார்கள். இணையத் தொடர்பைக் காக்கும் டிஎல்எஸ் முறையில் இயங்கிய சுமார் 64,000 முகவரிகளின் ரகசியச் சாவிகள் சிக்கின. பெரும்பாலும் ரவுட்டர், ஃபயர்வால் போன்ற சிறு கருவிகள். 2017இல் வெளிவந்த குறை வேறு விதம்: இன்ஃபினியான் சிப்புகளில் இருந்த நிரல், பகா எண்கள் எல்லாவற்றையும் ஒரே அச்சில் வார்த்திருந்தது. எஸ்டோனியாவில் சுமார் 7,50,000 அடையாள அட்டைகளின் சான்றிதழ்களை முடக்க வேண்டியதாயிற்று. அங்கேயும் 2048 பிட்தான். சாவி ஒழுங்காகப் பிறந்தாலும், எண்ணை அந்தச் சாவியின் அடுக்குக்கு உயர்த்தும் நிரல், சாவியில் 1 என்ற பிட்டுக்கு மட்டும் ஒரு பெருக்கல் கூடுதலாகச் செய்தால், எடுக்கும் நேரத்தை வைத்தே சாவியைப் படிக்கலாம் என்று பால் கோச்சர் 1996லேயே காட்டிவிட்டார்.

விடை சரியா என்று மட்டும் பார்க்கும் சோதனையில் இவை எல்லாமே பாஸ். என் கோபம் அங்கேதான். லைனில் பிறக்கிற ஒரு பாகத்தின் அளவை மட்டும் பார்த்துவிட்டு லாரியில் ஏற்றுகிறோம்.

பொதுச் சாவி ரகசியமல்ல. ஷிஃப்ட் முடிவில் அன்று பிறந்தவற்றைத் திரட்டி, இதுவரை பிறந்தவற்றோடு மீப்பெரு பொது வகுத்தி பார்க்கலாம். 1 தவிர எது வந்தாலும் லைனை நிறுத்த வேண்டும். வார்ப்புக் குறை இதில் அகப்படாது. அதற்கு, பலர் பிரித்து மேய்ந்து சோதித்த நிரலை மட்டுமே வாங்க வேண்டும். பகா எண்கள் ஒத்துப்போகாமல் இருக்க, சிப்புக்குள்ளேயே தற்செயல் எண்ணுக்கான சுற்று இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். ஆனால் முதல் சோதனைக்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். எங்கள் சோதனை மேசையில் இருந்த பழைய கணினியே போதும்.